கடைசித் தாள்

வீட்டுக்குள் நடக்கும் சிறு குற்றங்களைப் பற்றி இன்று சிறிது நேரம் உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன். பெருங்குற்றங்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இப்போது நாமக்கல்லில் ஓய்வாக இருப்பவன் நான். எங்கள் வீட்டில் நடக்கும் குற்றங்கள், டப்பாவில் வைத்த பன்னிரண்டு முறுக்கில் ஐந்து காணாமற்போவது, மூக்குக் கண்ணாடி மறைந்துவிடுவது போன்றவைதாம். கண்ணாடி வழக்கில் குற்றவாளி பெரும்பாலும் நானே. வீடு முழுவதும் தேடி முடித்த பிறகு அது என் நெற்றியின்மேலே இருக்கக் காண்பேன். முறுக்கு வழக்கில் பேரன்மேல் சந்தேகம் விழும். ஆனால் ஒருமுறை எறும்புச் சாரி காட்டிய வழியே போய்ப் பார்த்தபோது, அது என் மனைவியின் தையற்பெட்டியில் போய் நின்றது. அந்த விசாரணையை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

துப்பறியும் நாவல்களில் எனக்குச் சிறு வயது முதல் பைத்தியம். என் மனைவிக்கும் உண்டு. ஆனால் இருவரும் படிக்கும் முறை வேறு. அவள் எந்த நாவலை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவாள். "யார் சாகிறார்கள், யார் தப்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் மனம் பதறாமல் படிக்க முடிகிறது" என்பது அவள் கட்சி. எனக்கோ கடைசித் தாளை முன்னால் பார்ப்பது பந்தியில் பாயசத்தை முதலில் குடிப்பது போல. கடைசித் தாளுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான். அதற்கு முன்னால், மாணவ நண்பர்களுக்காக, இந்த நாவல்களின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

மேல்நாட்டில் இந்த வகைக் கதைக்கு வித்திட்டவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. 1841-இல் அவர் எழுதிய பாரிஸ் நகரத்துக் கொலைக் கதையில், குற்றத்தை யோசனையாலேயே அவிழ்க்கும் ஒருவன் முதன்முதலாக வருகிறான். 1887-இல் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸைக் கொண்டுவந்தார். தமிழ் அதிகம் காத்திருக்கவில்லை. தானவன் என்னும் காவல் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களைப் பற்றிப் பண்டித நடேச சாஸ்திரியார் எழுதிய நூல் 1894-இல் வந்தது. 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' வெளிவந்தது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளை நம் ஊர் உடையில் நடமாட விட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்கார், துப்பறிவாளருக்குச் சாமியார் வேஷமே போட்டுத் 'திகம்பர சாமியார்' என்று பெயரிட்டார். பெரியவர்கள் இவற்றைக் கண்டு முகஞ்சுளித்தார்கள் என்பதும், முகஞ்சுளித்தவர்கள் தலையணைக்கடியில் இவை அகப்பட்டன என்பதும் ஒருங்கே உண்மை.

இந்தக் கதைகளுக்கும் நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் உள்ள தொடர்பைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், மலையடிவாரத்துக்கு முன்னால், ஒரு நுழைவாயில் வளைவு நிற்கிறது. அதற்குப் பின்னால்தான் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. திகம்பர சாமியாரைத் திரைக்குக் கொண்டுவந்ததும் அவர்களே. 1950-இல் வந்த அந்தப் படத்தில் எம். என். நம்பியார் கதாநாயகராகப் பல வேடங்களில் தோன்றினார். பிற்காலத்தில் வில்லனாகவே அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1963-இல் சுந்தரம் மறைந்த பிறகும் அந்த நிறுவனம் 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. இன்று வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. துப்பறிவாளர்களுக்கு ஒரு தடயமாவது விட்டுப் போக வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ!

நாமக்கல் பக்கத்துக்கு வந்தால், இங்கே ஒரு பெரிய ஆச்சரியம். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, காந்தி வழியில் நின்ற தேசியக் கவிஞர். 1949-இல் சென்னை மாநிலத்தின் அரசவைக் கவிஞராக அமர்த்தப்பட்டவர். அவரே 'மலைக்கள்ளன்' என்ற நாவலையும் எழுதினார். கொள்ளைக்காரன் ஒருவன், அவனைத் தேடும் காவல்துறை, மாறுவேடம், மர்மம் எல்லாம் அதில் உண்டு. கவிஞர் 1888-இல் மோகனூரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். போலீஸ் உடையைத் தினமும் வீட்டுக் கொடியில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கள்ளன் கதை எழுத வந்ததில் வியப்பில்லை என்பது என் கட்சி. 1954-இல் அது எம். ஜி. ஆர். நடிக்கத் திரைப்படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டில் இந்தியிலும் 'ஆசாத்' என்ற பெயரில் திலீப் குமார் நடித்து வெளிவந்தது. மோகனூரில் பிறந்தவர் படைத்த கள்ளன் பம்பாய் வரையில் போய்வந்தான்!

என்னுடைய ஊரும் மோகனூரை அடுத்த, காவிரிக் கரையில் உள்ள ஒரு சிற்றூர்தான். அப்பா கிராமக் கணக்குப்பிள்ளை. 1980-இல் அந்தப் பதவியே ஒழிக்கப்பட்டுவிட்டது. அதுவரை சிட்டா, அடங்கல், எல்லைக்கல், தண்டல் இவைதாம் அவருக்கு உலகம். நாவல் என்றால் அவருக்கு ஆகாது. "ஊர்க் கணக்கில் இருக்கிற களவே எனக்குப் போதும், காகிதத்தில் வேறு வேண்டுமா?" என்பார். மலைக்கள்ளனுக்கு மட்டும் விலக்கு. "நம் ஊர்க்காரர் எழுதியது" என்று அதை வீட்டுக்குள் வர விட்டார்.

அம்மா அந்த ஒரு சந்து வழியாகவே எல்லா நாவல்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டாள். பத்திரிகையில் வாராவாரம் வரும் தொடர்கதையை அரிவாள்மணையின் முனையால் அழகாக வெட்டி எடுப்பாள். பழைய துணிமூட்டைக்கு நடுவே சேர்த்து வைப்பாள். கதை முடிந்ததும் நாமக்கல்லுக்குப் போகும் யாரிடமாவது கொடுத்துப் புத்தகமாகத் தைத்து வாங்கிவிடுவாள். இரவு அப்பா சாவடிக்குப் போனபின், அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். அக்காவும் நானும் கேட்போம். கொலை நடக்கும் இடம் வந்தால் அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். அடுப்பில் சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு வெடித்தால் கூட நான் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு எங்களைச் சிரிக்க வைத்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் நிமிர்ந்து உட்கார வைத்தார். சுஜாதாவின் கணேஷ், கோயம்புத்தூர் ராஜேஷ்குமார், பேருந்து நிலையக் கடைகளில் கொடிகட்டித் தொங்கிய மாத நாவல்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. என்னுடைய படிப்பு அந்த அடுப்பங்கரையில் தொடங்கியது.

வழக்கு நடந்தது 1966-இல். எனக்கு வயது ஒன்பது, அக்காவுக்குப் பதின்மூன்று. ஒரு தொடர்கதை தைக்கப்பட்டுப் புத்தகமாக வீட்டுக்கு வந்தது. கதையின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் படிக்க நேர்ந்தால் சுவை கெட்டுவிடும். அந்தக் கடைசி வாரம் அம்மா தன் பிறந்த ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து இதழை அவசரமாக வெட்டி மூட்டையில் சேர்த்து அனுப்பிவிட்டாள். ஆகையால் முடிவு எங்களில் யாருக்கும் தெரியாது. புத்தகம் வந்த அன்று அதை முதலில் எடுத்தவள் அக்கா. மாட்டுக்கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து, பொழுது சாயும் வரையில் படித்தாள். பிறகு உள்ளே வந்து, "அம்மா, கடைசித் தாள் இல்லை" என்றாள்.

இல்லைதான். கொலையாளியின் பெயர் வெளிவர வேண்டிய தாள் அது. வீடு முழுவதும் தேடினோம். மாட்டுத் தீவனக் கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தோம். சத்தம் கேட்டு அப்பா வந்தார். அவருக்கு விஷயம் புரிந்ததும், சிட்டா அடங்கலைப் பார்ப்பது போலவே விசாரித்தார். "யாருடைய வசத்தில் இருந்தது?" என்று கேட்டார். அப்போது நான் முன்னால் வந்து சாட்சி சொன்னேன். "அக்காவிடம்தான் இருந்தது. வேறு யாரும் தொடவில்லை. தாள் இல்லை என்று முதலில் சொன்னதும் அவள்தான். கதையிலே எப்போதும், குற்றத்தை முதலில் வந்து சொல்கிறவன்தான் குற்றவாளியாக இருப்பான்" என்றேன். பெரிய துப்பறிவாளன் என்ற நினைப்பு எனக்கு!

நான் சொன்ன செய்தி ஒவ்வொன்றும் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பொய். அப்பா அதை ஏற்றுக்கொண்டார். கடைசித் தாளைக் கிழித்து யாரோ தோழிக்குக் கொடுத்துவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. அக்கா ஒரு வார்த்தை கூட மறுத்துப் பேசவில்லை. அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்பட்டது. இனி அவள் கதைப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது தண்டனை. அதன் பிறகு அம்மா இரவில் படிக்கும்போது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். படிப்பது அவள் காதில் விழும். உள்ளே வா என்று அம்மா கூப்பிட்டாலும் வரமாட்டாள். ஐந்தாறு ஆண்டுகளில் திருமணமாகி இராசிபுரத்துக்குப் போய்விட்டாள்.

இங்கிலாந்தில் ரொனால்டு நாக்ஸ் என்ற பாதிரியார், தாமும் துப்பறியும் கதை எழுதியவர், 1929-இல் இக்கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவனுக்குக் கிடைத்த தடயம் எதையும் வாசகனுக்கு மறைக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது என்பது மற்றொன்று. நம் பழைய நாவலாசிரியர்கள் இந்த இரண்டாவது விதியை எவ்வளவு மதித்தார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாக்ஸின் விதிப்படியே, இந்த வழக்கின் தடயங்களையும் மறைக்காமல் உங்கள் முன் வைக்கப் போகிறேன். ஆனால் அவை எனக்கு எங்கே கிடைத்தன என்பதுதான் விநோதம்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு புதிய விளையாட்டு ஏற்பட்டது. சொந்தமாக ஓர் இணையதளம் அமைத்து, அதைத் தினமும் குடைந்துகொண்டிருப்பது. பெங்களூரில் கணினித் தொழிலில் இருக்கும் என் மகள், ஆயத்தமாகக் கிடைக்கும் ஒன்றை ஐந்து நிமிடத்தில் அமைத்துத் தருவதாகச் சொன்னாள். நான் ஒப்பவில்லை. ஒவ்வொரு வரியையும் என் கையால் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இதில் பெரிய மந்திரம் ஏதும் இல்லை. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் 1989-இல் இந்த வலையைத் திட்டமிட்டார். 1991-இல் அது வெளியுலகுக்கு வந்தது. 1993-இல் அந்தக் கூடம் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. பக்கம் எழுதும் முறை எளிது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு திறப்புக் குறி, பின்னால் ஒரு மூடும் குறி. தொழுவத்துப் படலைத் திறந்தால் சாத்த வேண்டும் என்பது போலத்தான். ஒருநாள் தலைப்பைத் தடித்த எழுத்தில் போடத் திறந்தவன் மூட மறந்துவிட்டேன். பக்கம் முழுவதும் தடித்துவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்து, "ஏன் இது இப்படிக் கத்துகிறது?" என்றாள்.

தமிழை இதில் ஏற்றுவதற்குப் பாடுபட்டவர்கள் பலர். சிங்கப்பூரில் ஆசிரியராகவும் சிறுகதை எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழ் எழுத்தை இணையத்தில் தோன்றச் செய்த முன்னோடி. பழைய நூல்களைத் திரட்டிப் பொதுவில் வைக்கும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது. அக்காலத்தில் தளத்துக்குத் தளம் எழுத்துரு வேறு. அந்த எழுத்துரு நம்மிடம் இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் பூச்சி பூச்சியாகத் தெரியும். ஒருங்குறி பரவிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண் உண்டு. 'க' என்பது 2965. கணக்கு வாத்தியாருக்கு இதைவிட இன்பம் வேறு என்ன வேண்டும்?

அம்மா தைத்து வைத்த புத்தகங்கள் மொத்தம் நாற்பத்தொன்று என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு ஓர் அட்டவணை செய்வதே என் தளத்தின் முதல் வேலை. கதையின் பெயர், இதழின் தேதி, தொடங்கும் பக்கம், முடியும் பக்கம், குறிப்பு என்று ஐந்து கட்டம் போட்டேன். அதில் 'கௌரவம்' என்ற சொல் இரண்டு கதைப் பெயர்களில் வரும். தேடினால் ஒன்றுதான் அகப்பட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், ஓரிடத்தில் 'கௌ' என்று முறையாக அடித்திருக்கிறேன். அதற்கு எண்கள் 2965, 3020. மற்றோரிடத்தில் 'கெ' அடித்து அதன் பக்கத்தில் 'ள' போட்டிருக்கிறேன். அதற்கு எண்கள் 2965, 3014, 2995. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆட்கள். வடுவூராருடைய ஆள்மாறாட்டம் என் அட்டவணைக்குள்ளேயே நடந்திருக்கிறது. நாக்ஸ் பாதிரியார் சொன்னபடி முன்கூட்டி எச்சரிக்கையும் இல்லை!

அந்த அட்டவணையில், நான் முன்பு சொன்ன கதைக்கு எதிரே குறிப்புக் கட்டத்தில், "கடைசித் தாள் இல்லை, அக்கா கிழித்துவிட்டாள்" என்று எழுதி வைத்திருந்தேன். வேடிக்கையாகத்தான் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் அது வழக்கு அன்று, வரலாறு.

ஒருநாள் மாலை அக்காவின் பேத்தி, கல்லூரியில் படிப்பவள், அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள். "பாட்டி, நீங்கள் புத்தகத்தைக் கிழித்தீர்களாமே!" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அன்று இரவு அக்கா எனக்குத் தொலைபேசியில் பேசினாள். மழை பெய்ததா என்று கேட்டாள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு, "அதை அங்கேயும் எழுதி வைத்துவிட்டாயா, தம்பி?" என்றாள். குரலில் கோபம் இல்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்குவதற்குள், கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். இரவு ஒன்பது மணிக்கு யார் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்?

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குறிப்பை அழித்துவிடலாம் என்று கணினியைத் திறந்தேன். ஆனால் அழிக்க மனம் வரவில்லை. அழித்தால், எழுதியவன் நான் என்பதும் அழிந்துபோகும் அல்லவா? சும்மா இருக்க முடியாமல் அட்டவணையைக் குடைந்துகொண்டிருந்தேன். அதுவரை கதைகள் அகர வரிசையில் இருந்தன. தேதி வரிசையில் அடுக்கிப் பார்ப்போமே என்று தோன்றிற்று. முதலில் வரிசை தாறுமாறாக வந்தது. நாள், மாதம், ஆண்டு என்று நாம் எழுதும் முறையில் எழுதினால் கணினி முதலில் நாளைப் பார்த்து அடுக்கிவிடும். ஆண்டை முன்னால் வைத்து, பிறகு மாதம், கடைசியில் நாள் என்று எழுதினால் தானே ஒழுங்காக நிற்கும். நாற்பத்தொரு கதைகளுக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டையும் அப்படி மாற்றி எழுதுவதற்குள் மணி இரண்டாகிவிட்டது. மாற்றி முடித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே வரிசையாக அடுக்கினேன்.

நேயர்களே, இதுவரை எட்டி எட்டிக் கிடந்த இரண்டு வரிகள் அப்போது அடுத்தடுத்து வந்து நின்றன. ஒன்று, எங்கள் வழக்குக் கதையின் முடிவு. இருக்கிற பக்கங்கள் 46-உடன் நிற்கின்றன. மற்றொன்று, வேறொரு கதையின் தொடக்கம். அது தொடங்கும் பக்கம் 48. இரண்டுக்கும் தேதி ஒன்றே. ஒரே இதழில் ஒரு கதை முடிந்து மற்றொன்று தொடங்கியிருக்கிறது! ஒற்றைப்படை எண் தாளின் முன்புறம், இரட்டைப்படை எண் பின்புறம் என்பது அச்சகத்து வழக்கம். ஆகவே 47-ம் 48-ம் ஒரே தாளின் இரு புறங்கள். 48 என் அலமாரியில் இருக்கிறது என்றால் 47 எங்கே போயிருக்க முடியும்? இரண்டு எண்களையும் என் கையாலேயே, சில மாதங்களுக்கு முன்னால், கட்டத்தில் நிரப்பியிருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன்!

அலமாரியைத் திறந்து இரண்டாவது கதையின் புத்தகத்தை எடுத்தேன். அட்டையைத் திறந்ததும் இடப்பக்கத்தில் 48, வலப்பக்கத்தில் 49. அந்த 48 அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. நடந்தது எனக்கு விளங்கிவிட்டது. ஒரு தாளை இரண்டு புத்தகத்தில் வைக்க முடியாது. அம்மா அவசரத்தில் அதைப் புதிய கதையின் தாள்களோடு சேர்த்துவிட்டாள். புத்தகம் தைத்தவர், முதல் தாளின் முன்புறத்தில் வேறு ஏதோ கதையின் துண்டு இருப்பதைக் கண்டு, வேண்டாதது என்று அதை அட்டையில் ஒட்டிவிட்டார். அவர்மேல் தவறு சொல்ல முடியாது. இரண்டாவது கதை முடிந்து அது தைக்கப்பட்டு வருவதற்குள் ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகியிருக்கும். அதற்குள் எங்கள் வழக்கு முடிந்து, தண்டனையும் பழகிப்போயிருந்தது.

விடியும் வரை பொறுக்க முடியவில்லை. மனைவியை எழுப்பினேன். பழைய நாளில் புத்தகம் ஒட்டுவது மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். மாவுப் பசை ஆவிக்கு இளகும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. இட்லிப் பானையில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, அட்டையை ஆவிக்கு மேலே காட்டிக் காட்டி, தோசைத் திருப்பியின் விளிம்பால் அணு அணுவாகப் பெயர்த்தாள். என் கையில் கொடுக்கவில்லை. "நீங்கள் அவசரப்படுவீர்கள்" என்றாள். சுமார் முக்கால் மணி நேரத்தில் தாள் கழன்று வந்தது. ஒரு மூலை மட்டும் கிழிந்துவிட்டது, எழுத்தில் சேதமில்லை. வழக்கம்போல் அவள் கடைசிப் பத்தியை முதலில் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் இராசிபுரத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "அக்கா, கடைசித் தாள் கிடைத்துவிட்டது" என்றேன். மறுபுறம் நெடுநேரம் சத்தமில்லை. பால்காரரின் மணி ஓசை மட்டும் கேட்டது. "எங்கே இருந்தது?" என்றாள். சொன்னேன். 46, 48 என்ற கணக்கையும் சொன்னேன். "அப்படியானால் அது வீட்டிலேயேதான் இருந்ததா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் அன்று சொன்ன சாட்சியைப் பற்றிப் பேச எடுத்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருப்பதாகவும், முடிவை மட்டும் தானே இட்டுக்கட்டிச் சொன்னதாகவும், அவர்களுக்கு அது தெரியாது என்றும் சொன்னாள். அக்காவுக்குக் கதை சொல்லும் பழக்கம் இருந்தது என்பதை எழுபது வயதை நெருங்கும் நான் அன்றுதான் அறிந்தேன். "சரி, கொலை செய்தது யார் என்று படிக்கட்டுமா?" என்றேன். "வேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு நேரில் வா" என்றாள்.

போவதற்கு முன்னால் அட்டவணையைத் திருத்தினேன். நீக்கப்பட்ட சொல்லை அழித்துவிடாமல், அதன்மேல் ஒரு கோடு மட்டும் கிழித்துக் காட்டுவதற்கென்றே வலைமொழியில் ஒரு குறி உண்டு. அதைப் போட்டேன். "அக்கா கிழித்துவிட்டாள்" என்ற சொற்கள் இன்றும் அங்கே கோடு விழுந்து கிடக்கின்றன. அதன் கீழே, தாள் கிடைத்த இடத்தையும், பொய்யான முடிவுக்கு வந்தவன் யார் என்பதையும் எழுதினேன். மூடும் குறியை மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி இராசிபுரம் போனேன். தாளை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோயிருந்தேன். நான் உரக்கப் படிக்க, அம்மாவின் குரலைப் போல் தணித்துப் படிக்க வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அக்கா அதற்கு இடம் தரவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். ஒரே பக்கம்தான், ஆனால் அவள் எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று. நான் உள்ளே, அவளுடைய பேத்தி கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே வந்து தாளை மடிக்காமல் என்னிடம் கொடுத்தாள்.

"நான் நினைத்த ஆள் இல்லை" என்றாள். "அம்மா படித்திருந்தால் நம்பியிருக்கவே மாட்டாள்."